வாய் நிறையத் தண்ணீர்

வந்த ஆமி வெள்ளாந்துறையை விட்டுப் போன அன்று மத்தியானமே திரும்பி வந்துவிட்டது. போனது கிழக்கே, ஆழமில்லாத பரவைக்கடலுக்குக் குறுக்கே கல்லும் மண்ணும் கொட்டிப் போட்ட தாம்போதி வழியாக. வந்தது மேற்கே, பெருங்கடலோடு முடிந்துபோகிற வீதியின் நுனியிலிருந்து. அந்த நுனிக்கு அப்பால் வள்ளம்தான் போகும், வாகனம் போகாது. இருந்தாலும் லொறிகள் வரிசை குலையாமல், சில்லில் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல், காலையில் எந்த ஒழுங்கில் போயினவோ அதே ஒழுங்கில் வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றன. சோறு வடித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எதையோ மறந்து விட்டிட்டுப் போட்டாங்கள் போல" என்று சொல்லிவிட்டுக் கஞ்சி வடிக்கத் திரும்பினார்கள்.

வந்த ஆமி என்றால் வெளியூர்க்காரருக்கு விளங்காது. தீவில் ஏற்கெனவே ஓர் ஆமி இருந்தது. அது இருந்த ஆமி. அதற்கு எதிராகப் பனங்கூடலுக்குள்ளிருந்து துவக்குத் தூக்கியவர்கள் பெடியள். இவர்கள் இரண்டு பக்கமும் அடிபட்டு நாடு நாறிக் கிடந்த காலத்தில், கடலுக்கு அக்கரையில் இருந்த பெரிய நாடு, நான் நிறுத்துகிறேன் பார் உங்கள் சண்டையை என்று ஒரு படையை அனுப்பியது. அது வந்த ஆமி. வந்த அன்று வெள்ளாந்துறை பூமாலையோடு நின்றது, அண்டா நிறையத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்து வைத்துக்கொண்டு நின்றது. ஊரில் ஒருவர் கையாலும் ஒன்றும் வாங்கிக் குடிக்கக்கூடாது, நஞ்சு கலந்திருக்கும் என்று அவர்களுக்கு மேலிடத்துக் கட்டளையாம், ஒரு சிப்பாயும் நீட்டிய தகரப் பேணியைத் தொடவில்லை, கரைத்ததையெல்லாம் கடைசியில் ஊர்ப் பிள்ளைகள் குடித்து வயிற்றால் போனதுதான் மிச்சம். பிறகு நிறுத்த வந்தவர்களே பெடியளோடு மல்லுக்கு நிற்கத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடம் முகாமாயிற்று, படலைகள் சப்பாத்துக் காலால் திறக்கப்பட்டன, முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவனுக்கு முன்னால் ஊரை வரிசையாக நடக்கவிட்டு, அவன் யாருக்குத் தலையாட்டினானோ அவனை லொறியில் ஏற்றினார்கள். கனகலிங்கத்தின் மூத்த மகன் அப்படி ஏறியவன். அவனைப் பிறகு இறக்கித்தான் வைத்தார்கள், அவன் தானாக இறங்கவில்லை.

சிவபாக்கியத்தின் ஒரே மகன் குகநேசனும் அப்படி ஏறியவன்தான். ஆனால் நேசன் உயிரோடு இறங்கினான். இறங்கிய பிறகு வலது தோளுக்கு மேலே கை தூக்க முடியாதவனாக இருந்தான். சாக்குக்குள் இருந்த தலையாட்டிக்கு அன்று இலையான் மொய்த்ததோ என்னவோ, ஈயை விரட்ட ஆட்டின தலை இவனுக்கு ஆட்டினதாகப் போயிற்று. அடுத்த சுற்றிவளைப்பில் இன்னுமொரு இலையான் வராது என்று யார் கண்டது? நேசன் பரவைக்கடலுக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து, நடுவில் கிடக்கும் மண்திட்டிக்குப் போய், அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த உப்புக் கொட்டிலில் ஒளிந்துகொண்டான். கடைசி லொறி தாம்போதியைத் தாண்டிய பிறகுதான் கரை ஏறுவேன் என்று தாயிடம் சொல்லியிருந்தான். சிவபாக்கியத்தின் வீடு தாம்போதித் தலைப்பில், ஊரின் கடைசி வீடு. அடுப்படியிலிருந்து பார்த்தாலே திட்டி தெரியும். மகன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அவன் கொட்டில் கூரையில் காயப்போடும் நீலச் சேட்டுத்தான் அவளுக்கு அத்தாட்சி.

அந்த வீட்டு வாசலில் அவள் காலையில் தோசை சுட்டு விற்றாள். பஸ் ஓடிய காலத்திலும், பஸ் நின்று சைக்கிளும் மாட்டுவண்டியுமான காலத்திலும், வெள்ளாந்துறையை விட்டுப் போகிற எவரும் அவளைக் கடந்துதான் போக வேண்டும். கடந்து போகிறவர் யாராக இருந்தாலும், தோசை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அவள் தோசைக்கல்லிலிருந்து தலையைத் தூக்கி, "போட்டு வாங்கோ" என்பாள். போய்விட்டு வாருங்கள் என்பதை அந்த ஊர் அப்படித்தான் சொல்லும். அவள் மட்டுமல்ல, ஊரே சொல்லும். ஒருவர் புறப்படும்போது அதைச் சொல்லாமல் விட வெள்ளாந்துறையில் ஒரு சனத்துக்கும் மனம் வராது, வந்தாலும் வாய் கேட்காது.

ஆகவே வந்த ஆமி போன அன்று காலை, வீதி நெடுகப் படலையடியில் நின்ற சனம், இவ்வளவு செய்தவர்கள் தொலைந்தார்களே என்ற சந்தோஷத்தில் நின்ற சனம், முதல் லொறி அசைந்ததும் கையைத் தூக்கி, "போட்டு வாங்கோ, போட்டு வாங்கோ" என்று வாய் நிறையச் சொல்லியது. நினைத்துச் சொல்லவில்லை. தும்மல் வந்தால் தும்முவதுபோல அது தானாக வந்தது. கடைசியாகச் சிவபாக்கியமும் தோசைக் கரண்டியோடு எழுந்து நின்று சொன்னாள். லொறிகள் தாம்போதியில் ஏறிப் புழுதியாகி மறைந்தன, அவள் திட்டியைப் பார்த்துச் சேலைத் தலைப்பை ஆட்டினாள், நேசன் தண்ணீரில் இறங்கினான். உண்மையாகவே போய்விட்டார்களா என்று நின்று நின்று பார்த்து மத்தியானத்தில் பாதி வழி வந்திருப்பான், மேற்கே லொறிச் சத்தம் கேட்டது. சேலைத் தலைப்பை இறக்குவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

மறுநாளும் போனார்கள், மத்தியானம் வந்தார்கள். அதற்கு மறுநாளும் அதுவே. படையின் மேஜர் நல்ல உயரமான மனிதர், மீசையை இரண்டு பக்கமும் சமமாக வெட்டி வைத்திருப்பவர், வழி தவறிவிட்டதாக ஒத்துக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. வரைபடத்தை மாற்றிப் பார்த்தார், சாரதிகளை மாற்றிப் பார்த்தார், லொறிகளைப் பின்பக்கமாக ஓட்டிப் போகச் சொல்லியும் பார்த்தார். பின்பக்கமாகப் போனவை பின்பக்கமாகவே வந்தன. ஒரு ஹெலிகொப்டர் வந்து ஒரு பகுதியினரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. வானத்தைப் பார்த்தும் ஊர் கையாட்டி வழியனுப்பியது. அது வடக்கே போய்ப் பொட்டாகி, தெற்கேயிருந்து வந்து அதே மைதானத்தில் இறங்கியது.

எதற்கும் பழகிக்கொள்கிற ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. இருந்த ஆமியின் செல் குண்டுக்கும், பெடியளின் கண்ணிவெடிக்கும், ஊரடங்குக்கும் பழகிய சனத்துக்கு, காலையில் போய் மத்தியானம் வருகிற படை ஒரு பெரிய விசயமா? பள்ளிக்கூட அதிபர் மார்க்கண்டு மாஸ்டர் நேரசூசியை மாற்றினார். ஆமி போனதும் பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்குகளைத் தூக்கி உள்ளே போட்டுப் பாடம் நடக்கும், மேற்கே இரைச்சல் கேட்டதும் பிள்ளைகள் வாங்குகளைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடுவார்கள். வந்த சிப்பாய்கள் கரும்பலகையில் பாதியில் நின்ற கணக்கைப் பார்த்துக்கொண்டு படுப்பார்கள், சில நாட்களில் விடையும் எழுதியிருக்கும். மீன்காரர் மேற்கு நுனியில் வலை காயப்போடும்போது லொறிக்கு வழி விட்டுப் போட்டார்கள். மத்தியானத்தைச் சனம் மணிக்கூடு பார்த்துச் சொல்வதை விட்டுவிட்டு, ஆமி வாற நேரம் என்று சொல்லத் தொடங்கியது.

இதற்குள் தலைநகரத்துப் பேப்பர்கள், வந்த படை கடைசிச் சிப்பாய்வரை நாடு திரும்பிவிட்டது என்று எழுதிவிட்டன. அக்கரையில் அவர்களை வரவேற்று மேளம் அடித்தாயிற்றாம். எழுதினால் எழுதினதுதான். வெள்ளாந்துறையில் இருக்கிறவர்களுக்கு அரிசி அனுப்புங்கள் என்று மேஜர் கம்பியில்லாத் தந்தியில் கேட்டபோது, அப்படி ஒரு படை அங்கே இல்லையே என்று பதில் வந்தது. இல்லாத படைக்கு யார் சாப்பாடு போடுவது? சாக்கு அரிசி முடிந்து, பருப்பு முடிந்து, சிப்பாய்கள் வெறும் மாவைக் கரைத்துக் குடிப்பதை வேலிக்கு மேலால் பார்த்த பெண்கள் வாய்க்குள் ஏசிக்கொண்டே மரவள்ளிக்கிழங்கையும் தேங்காயையும் பள்ளிக்கூட மதிலுக்கு மேலால் எறிந்தார்கள். கையில் கொடுக்கவில்லை, அவர்களும் கையில் வாங்கவில்லை. பள்ளிக்கூடக் கிணற்றில் தாங்களே அள்ளி, தாங்களே காய்ச்சி, தாங்களே தின்றார்கள். பசிக்கிறவன் துவக்கை நீட்டிக் கேட்கிற நாளும் வரும் என்று மார்க்கண்டு மாஸ்டர் பயந்தார், பயந்ததில் பிழை சொல்ல முடியாது.

சிவபாக்கியத்துக்கு அரிசியும் பேப்பரும் பெரிதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு காலையும் அவள் மகன் தண்ணீரில் இறங்கினான், ஒவ்வொரு மத்தியானமும் பாதி வழியில் நின்று திரும்பினான். மாரி பிறந்துகொண்டிருந்தது. மழை விழுந்தால் பரவைக்கடல் ஆளை மூடும், பிறகு பங்குனி வரைக்கும் திட்டியிலிருந்து எவரும் நடந்து வர முடியாது, வள்ளம் இறக்க ஆமி விடாது, கொட்டில் கூரையில் பாதி ஏற்கெனவே இல்லை. தோள் சரியாக இருந்தால் நீந்துவான். தோளைத்தான் அவர்கள் முறித்துவிட்டார்களே. வானத்தில் கருப்பாக ஒரு முகில் கூடினாலும் அவள் அடுப்பை விட்டு எழுந்து திட்டியைப் பார்த்தாள்.

ஒரு நாள் காலை அவன் வழக்கத்துக்கு மாறாக, லொறிகள் புறப்படுவதற்கு முன்பே பாதி வழி வந்து கண்டல் பற்றைக்குள் பதுங்கி நின்றான். ஊர் முழுவதும் ஒரே குரலாகச் சொன்னது அவன் காதில் தெளிவாக விழுந்தது. கடைசி லொறி போனதும் அவன் தண்ணீருக்குள் நின்றபடியே கத்தினான்.

"அம்மா, என்ன சொல்லி அனுப்புறியள் அவங்களை?"

"என்ன சொல்லுறது? போட்டு வாங்கோ எண்டுதான்."

"வாங்கோ எண்டு கூப்பிட்டால் வராமல் என்ன செய்வாங்கள்?"

சிவபாக்கியம் கையில் இருந்த கரண்டியை அப்படியே வைத்தாள். எத்தனையோ பேரை அந்த வாசலில் நின்று அனுப்பியிருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், கொழும்புக்குப் போனவர்கள், வலைக்குப் போனவர்கள். போனவர்கள் வரவேண்டும் என்றுதானே அந்தச் சொல்லை ஊர் வைத்திருக்கிறது, வந்தவர்களை ஒருவரும் இதனால்தானா வந்தாய் என்று கேட்டதில்லை. கரைக்கு வரத் துணியாமல் அவன் பற்றையடியிலேயே நின்றான், மத்தியானம் லொறி இரைச்சல் அன்றும் மேற்கே கேட்டது. நேசன் திரும்பி நடந்தான், ஒரு தோள் தாழ்ந்து ஒரு தோள் உயர்ந்து நடந்த அந்த முதுகைப் பார்த்து அவள் வாய்விட்டு அழுதாள்.

அன்று பின்னேரமே சனம் அவள் வாசலில் கூடிவிட்டது. விசயத்தைக் கேட்டதும் எல்லோருக்கும் அது முதலே தெரிந்திருந்ததுபோல இருந்தது. நாளைக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லக்கூடாது என்று மார்க்கண்டு மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். பக்கத்து வீட்டுத் திரவியத்துக்கு அது பிடிக்கவில்லை. அவள் வாசற்கதவை வந்த ஆமி உடைத்து விறகாக எரித்திருந்தது, அன்றிலிருந்து ஒரு சாக்குத்தான் அவளுக்குக் கதவு.

"ஆள் போகேக்கை வாயை மூடிக்கொண்டு நிக்க, இதென்ன செத்தவீடோ?" என்றாள்.

உண்மைதான். வெள்ளாந்துறையில் சொல்லாமல் போவதும் சொல்லாமல் அனுப்புவதும் செத்தவீட்டில் மட்டுந்தான். அங்கே வந்தவர் போட்டு வாறன் என்று சொல்லமாட்டார், வீட்டார் போட்டு வாங்கோ என்று சொல்லமாட்டார்கள், அப்படியே எழுந்து திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். ஆனாலும் வேறு வழி தெரியாததால் மறுநாள் காலை ஊர் முழுவதும் உதட்டை இறுக்கிக்கொண்டு படலையடியில் நின்றது. லொறிகள் மெல்ல ஊர்ந்தன. சந்தோஷமாகக் கையாட்டி அனுப்பிய சனம் இப்படிக் கல்லாக நிற்பதைப் பார்த்துச் சிப்பாய்களின் முகம் வெளிறியது. தாம்போதித் தலைப்பில் ஜீப் ஒன்று நின்று, அதிலிருந்து பேச்சிமுத்து இறங்கி வந்தான். அக்கரையில் கரிசல் காட்டு ஊரொன்றைச் சேர்ந்தவன், படையில் தமிழ் பேசுகிறவன், மேஜருக்கு வாயும் காதும் அவன்தான்.

"எழவு வீட்டுல இருந்து அனுப்புத மாதிரி அனுப்புதியளே அக்கா," என்றான். "எங்க ஊர்லயும் இதுதான் வழக்கம். நாங்க உசுரோட வீட்டுக்குப் போக வேண்டாமா?"

இவனைச் சிவபாக்கியத்துக்குத் தெரியும். நேசனை விசாரித்தபோது தமிழில் கேட்டவன் இவன். தமிழில்தான் கேட்டாங்கள் அம்மா என்று நேசன் சொன்ன அன்றிலிருந்து, அடித்தவனைவிட இவன்மீதே அவளுக்குக் கோபம் கூட. செத்துத் தொலை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவன் தாடை நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றவளின் வாய், அவளைக் கேளாமலே, "சரி சரி, போட்டு வா" என்றது. சொன்ன பிறகுதான் பல்லால் நாக்கைக் கடித்தாள். மத்தியானம் அவர்கள் வந்துவிட்டார்கள். ஊர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. திரவியமும் கனகலிங்கத்தின் பெண்சாதியும் தங்கள் தங்கள் படலையடியில் தாங்களும் வாய் தவறியதை ஒத்துக்கொண்டார்கள்.

வழி பிறந்தது தோசைக்கல்லடியில். மார்க்கண்டு மாஸ்டர் தோசை வாங்கிக்கொண்டு புறப்பட்டவர், கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். சிவபாக்கியம் கண்ணாடியை எடுத்துக் கொடுத்துவிட்டு, எப்போதும் செய்கிறதைச் செய்தாள். "இருங்கோ மாஸ்டர், ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று பேணியை நீட்டினாள். புறப்பட்டவர் ஏதோ தடையால் திரும்பி வந்தால் அப்படியே திருப்பி அனுப்பக்கூடாது. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, தடைப்பட்ட அந்தப் பயணத்தை அங்கேயே முடித்துவிட்டு, புதிதாக ஒரு பயணமாகத்தான் அனுப்ப வேண்டும். மாஸ்டர் வாங்கில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார். இரண்டாவது வாய் குடிக்கும்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இவங்கள் எத்தினை தரம் திரும்பி வந்திட்டாங்கள்," என்றாள் சிவபாக்கியம். "நாங்கள் ஒருக்காலும் இருக்கச் சொல்லேல்லை. ஒரு வாய் தண்ணி குடுக்கேல்லை."

"வாங்கிக் குடிப்பாங்களோ?"

"குடிக்காட்டில் இஞ்சதான் கிடக்க வேணும். போய்ச் சொல்லுவம்."

மேஜர் முதலில் சிரித்தார். பேச்சிமுத்து திரும்பவும் ஒழுங்காக விளக்கிச் சொன்னான்: ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சப் பேராகப் போக வேண்டும், சப்பாத்தைக் கழற்ற வேண்டும், துவக்கை வெளியே வைக்க வேண்டும், உட்கார்ந்து அந்த வீட்டார் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். துவக்கை வெளியே வைப்பது என்றதும் மேஜருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நஞ்சு, கட்டளை, ஒழுங்கு என்று என்னவெல்லாமோ சொன்னார். சிவபாக்கியம் இடையில் வெட்டினாள்.

"வீட்டை விட்டு வெளிக்கிடேக்கை இவரை அனுப்பினது ஆர் எண்டு கேள்."

பேச்சிமுத்து கேட்டான். மேஜர் மெல்லச் சொன்னதைப் பேச்சிமுத்து தமிழாக்கினான்.

"அவுக அம்மாவாம். வாசப்படியில நிப்பாட்டி, ஒரு கரண்டி தயிருல சீனி போட்டு ஊட்டிவிட்டாகளாம். அவுக ஊருல அப்பிடித்தான் அனுப்புவாகளாம்."

"அந்த மனிசிதான் முதல் கூப்பிட்டது," என்றாள் சிவபாக்கியம். "எங்கட சொல்லு பிறகு வந்தது. அது குறுக்கை நிக்குது. தண்ணியைக் குடிச்சு எங்கட சொல்லை முடிச்சு விடுங்கோ, அந்த மனிசியின்ர சொல்லு உங்களை இழுத்துக்கொண்டு போகும்."

மேஜர் மீசையைத் தடவினார், மேற்கே பார்த்தார், இன்னும் எத்தனை நாளைக்கு மாவு இருக்கிறது என்று யோசித்திருப்பார். கடைசியில் தலையை அசைத்தார்.

அவர்களைச் சம்மதிக்க வைத்தது பாதி வேலை. ஊரைச் சம்மதிக்க வைப்பது மற்றப் பாதி, அதுதான் கடினம். அடித்தவனுக்குத் தண்ணீர் வார்க்கிறதா என்று ஒரு பகுதியினர் கொதித்தார்கள், நியாயமான கொதிப்புத்தான். சிவபாக்கியம் வீடு வீடாகப் போனாள். மன்னிக்கச் சொல்லவில்லை, மறக்கச் சொல்லவில்லை. "போகட்டும், அவ்வளவுதான். என்ர பிள்ளை மழைக்கு முந்திக் கரை ஏற வேணும். தண்ணி வாருங்கோ" என்று மட்டும் ஒவ்வொரு படலையிலும் கேட்டாள்.

அந்தக் காலையைப் பற்றி வெள்ளாந்துறை இன்றைக்கும் கதைக்கும். சிப்பாய்கள் சப்பாத்தைக் கழற்றி வீதியோரம் வைத்துவிட்டு வெறுங்காலோடு வந்தார்கள். சூடான மணல் பழக்கமில்லாத கால்கள், துள்ளித் துள்ளி வந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். திரவியம் சாக்குக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தட்டினால்தான் திறப்பேன் என்று சொல்லிவிட்டாள். தட்டுவதற்குக் கதவு இல்லை. மூன்று வளர்ந்த ஆம்பிளைகள் வெறும் நிலையில் விரலால் தட்டிவிட்டுக் காத்து நின்றார்கள், அவள் ஆற அமர அடுப்பை அணைத்து, கையைக் கழுவித் துடைத்து, பிறகு சாக்கை விலக்கி, "வாங்கோ, இருங்கோ" என்றாள். கனகலிங்கம் வீட்டில் ஒருவரும் வெளியே வரவில்லை. ஆனால் படலைத் தூணில் நிறைந்த செம்பு ஒன்று இருந்தது. அந்த வீட்டுக்குப் போனவர்கள் முற்றத்து மணலில் உட்கார்ந்து, செம்பைக் கைமாற்றிக் குடித்துவிட்டு, கவிழ்த்து வைத்துவிட்டு, மூடியிருந்த கதவை நிமிர்ந்து பார்க்காமல் போனார்கள்.

சிவபாக்கியம் வீட்டுக்கு மேஜரும் பேச்சிமுத்துவும் வந்தார்கள். மேஜர் தோசை வாங்கில் முழங்காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்து, பேணியை அண்ணாந்து குடித்து மீசையை நனைத்துக்கொண்டார். பேச்சிமுத்து நிலத்தில் உட்கார்ந்தான். அவள் பேணியை நிறைத்துக்கொண்டு வந்து, நீட்டாமல் நின்றாள்.

"என்ர பிள்ளையிட்டைத் தமிழிலை கேட்டது நீதானே?"

"ஆமாக்கா."

"அவன் சொன்னதை அப்பிடியே சொன்னியோ?"

"சொன்னேன். நம்பல. நான் இன்னொரு வாட்டி சொல்லிருக்கணும், சொல்லல. பயம்."

அவள் பேணியை மணலில் ஊற்றினாள். தண்ணீர் போன இடம் கறுத்து, கொஞ்ச நேரத்தில் காய்ந்தது. பேச்சிமுத்து எழுந்திருக்கவில்லை, தலையைக் குனிந்தபடி இருந்தான். தூரத்தில் கொட்டில் கூரையில் நீலச் சேட்டு அசைந்தது, அதற்குப் பின்னால் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவள் குடத்தடிக்குத் திரும்பிப் போய், இன்னொரு பேணி வார்த்துக்கொண்டு வந்தாள்.

"கோவம் போகேல்லை," என்றாள். "குடி."

அவன் குடித்தான். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுப் பேணியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

இனி மிஞ்சியது நாக்கு. அதை நம்ப முடியாது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. அதற்கும் சிவபாக்கியம்தான் வழி சொன்னாள்: ஆளுக்கொரு வாய் தண்ணீரை வாய்க்குள் வைத்துக்கொள்வது. அவர்கள் குடித்த அதே செம்பிலும் பேணியிலும், அவர்களுக்கு வார்த்த அதே குடத்துத் தண்ணீரை. பேச்சிமுத்து ஜீப்பில் ஏறும்போது திரும்பவும் பயந்து பார்த்தான்.

"செத்தவீடு இல்லை," என்றாள் அவள், பேணியை வாயருகே வைத்துக்கொண்டு. "நாங்கள் வாயை மூடேல்லை. தண்ணி வச்சிருக்கிறம். உன்ர அம்மா சொன்னதை நீயே சொல்லிக்கொண்டு போ."

லொறிகள் புறப்பட்டன. வீதி நெடுகக் கன்னம் உப்பிய சனம் நின்றது. மார்க்கண்டு மாஸ்டர் உப்பிய கன்னத்தோடு கண்ணாடியைத் துடைத்தார், திரவியம் சிரிப்பு வந்து மூக்கால் கொஞ்சம் விட்டாள், பிள்ளைகள் ஒருவர் கன்னத்தை ஒருவர் குத்தப் பார்த்து அடி வாங்கினார்கள். லொறிக்குள்ளிருந்து சிப்பாய்கள் ஆளாளுக்குத் தங்கள் தங்கள் பாஷையில், தங்கள் தங்கள் தாய் வாசற்படியில் சொன்னதைத் தங்களுக்கே சொல்லிக்கொண்டு போனார்கள், ஊருக்கு அதில் ஒரு சொல் விளங்காவிட்டாலும் எல்லாம் விளங்கியது. கரிசல் காட்டுத் தமிழில் "போயிட்டு வாய்யா, போயிட்டு வாய்யா" என்று ஒரு குரல் தாம்போதியின் முதல் வளைவுவரை கேட்டது. பிறகு புழுதி அடங்கிவிட்டது.

மத்தியானமாயிற்று. ஆமி வாற நேரம். ஊர் மேற்கே காதைக் கொடுத்து நின்றது. கடலின் சத்தம் மட்டும் வந்தது. வலைகள் காய்ந்துகொண்டிருந்தன, லொறிக்கு விட்ட வழியில் ஒரு நாய் படுத்திருந்தது. கொஞ்சங் கொஞ்சமாகச் சனம் தண்ணீரை விழுங்கிவிட்டு, முதலில் மெல்லவும் பிறகு சந்தைபோலவும் கதைக்கத் தொடங்கியது. பள்ளிக்கூடத்துக்குள் போன வாங்குகள் வெளியே வரவில்லை. இருந்த ஆமி இருக்கிறது, பெடியள் இருக்கிறார்கள், நாட்டின் சண்டை முடியவில்லை, எல்லாம் ஊருக்குத் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு வெள்ளாந்துறைக்கு மூச்சு வந்தது.

சிவபாக்கியம் மட்டும் விழுங்கவில்லை. தாம்போதித் தலைப்பில், அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில், கன்னம் நோக நோக அப்படியே நின்றாள். வெயில் சாய்ந்தது. வாய்க்குள் தண்ணீர் இளஞ்சூடாகிவிட்டது. சேலைத் தலைப்பை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள். கொட்டில் கூரையில் நீலச் சேட்டு காணாமல் போயிற்று. கண்டல் பற்றைக்குப் பக்கத்தில் ஒரு தலை தெரிந்தது, பிறகு நெஞ்சு தெரிந்தது, பாதி வழி தாண்டியது, இதுவரை ஒருநாளும் தாண்டாத பாதி வழி. அப்போதும் அவள் மேற்கேயும் திட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள், விழுங்கப் பயந்தாள். முதல் மழைத்துளி தோசைக்கல்லில் விழுந்தபோது அவன் கரை ஏறி, சேறு வழிய, ஒரு தோள் தாழ, படலையைத் திறக்காமல் அதற்கு வெளியே நின்றான்.

"அம்மா, வரட்டோ?" என்றான்.

அவள் வாயில் இருந்ததை ஒரே மடக்கில் விழுங்கினாள்.

"வா," என்றாள்.